கம்ப்ரசர் அறையில் தொடங்கிக் கொள்முதல் மேசைக்கு வராமல் போன பயிற்சி

நாங்கள் அட்டைப்பெட்டி அச்சிட்டுத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். எங்களிடம் பெட்டி வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன்பாக 84 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அனுப்பினார். உங்கள் உமிழ்வு எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று அதில் கேட்டிருந்தபோதுதான், நீடித்த மேலாண்மை, சமூகப் பொறுப்பு என்ற சொற்களை எங்கள் அலுவலகம் முதன்முறையாகப் பொருட்படுத்தியது. உயர்ந்த நோக்கம் எதுவும் அப்போது எங்களுக்கு இருக்கவில்லை. படிவத்தை நிரப்பத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தேவைக்காகத்தான் நிறுவனங்களுக்கு இவ்வகைப் பயிற்சி அளிக்கும் ஒரு சேவையை அமர்த்தினோம். ஆறு மாதங்களில் எட்டு முழுநாள் அமர்வுகள், இரண்டு முறை ஆலைக்கு வந்து பார்வையிடுதல், இறுதியில் ஒரு சான்றிதழ் என்பது ஏற்பாடு. தரக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் நான், உற்பத்தி மேற்பார்வையாளர், ஸ்டோர் கீப்பர், கொள்முதல் அதிகாரி, மனிதவள அலுவலர் என ஐந்து பேர் கலந்துகொண்டோம். குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பயிற்சி அளித்தவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பாடத்திட்டத்தைச் சிறு மாற்றங்களுடன் பலர் நடத்துகிறார்கள் என்பதால், பெயர் தெரியாததால் வாசிப்பவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

முதல் நாள் முழுவதும் வரலாற்றில் கழிந்தது. 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் நீடித்த வளர்ச்சிக்குத் தந்த விளக்கம், நிறுவனங்கள் பொறுப்புடன் நடக்க உறுதியேற்கும் ஏற்பாடாக 2000இல் தொடங்கிய ஐ.நா. குளோபல் காம்பாக்ட், அதன் பத்துக் கொள்கைகள், 2015இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகள், அவற்றின் கீழ் வரும் 169 உள் இலக்குகள் எனத் திரையில் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மதியத்துக்குப் பிறகு எங்கள் மேற்பார்வையாளர் கண் அயர்ந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாபம், மக்கள், புவி என்ற மூன்று வட்டங்களை வரைந்து, 1994இல் ஜான் எல்கிங்டன் என்ற வணிக ஆலோசகர் வகுத்த கருத்து இது என்று பயிற்றுநர் சொன்னார். ஆனால் அதே எல்கிங்டன் 2018இல், பழுதான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதைப் போலத் தன் கருத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதியதை அவர் சொல்லவில்லை. முதலாளித்துவத்தின் போக்கையே மாற்றும் எண்ணத்துடன் முன்வைத்த ஒன்று வெறும் கணக்குப் பதிவுக் கருவியாகச் சுருங்கிவிட்டது என்பதே எல்கிங்டனின் வருத்தம். அந்த வருத்தத்தை முதல் நாளே எங்கள் முன் வைத்திருந்தால், அடுத்த ஆறு மாதங்களில் நாங்கள் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது அமர்வில் வேறொரு பயிற்றுநர் வந்தார். பொறியாளராக இருந்து இத்துறைக்கு வந்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. திரைப் படங்களை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஆலையின் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில்களையும் மேசைமேல் பரப்பச் சொன்னார். புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் கணக்கிடும் ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற முறை 2001இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நாமே எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, நமக்கு முன்னும் பின்னும் உள்ள சங்கிலியில் பிறர் வெளியிடுவது ஸ்கோப் 3 என்று அது பிரிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்று அவர் சொன்னதும் எங்கள் ஸ்டோர் கீப்பர் எழுந்தார். "சார், ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை வராது. அதுலேர்ந்து ரெண்டே முக்கால் கிலோ எப்படி சார் வரும்?" என்று கேட்டார். பயிற்றுநர் சிரிக்கவில்லை. ஒரு லிட்டரின் எடை சுமார் 840 கிராம், அதில் கார்பன் சுமார் 720 கிராம் என்று பலகையில் எழுதினார். கார்பன் 12 பங்குக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் 32 பங்கு சேர்ந்து 44 பங்காகிறது என்று பெருக்கியும் காட்டினார். எடை கூடியது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால்தான் என்று விளங்கியபோது ஸ்டோர் கீப்பரின் முகத்தில் தெரிந்த தெளிவை, எட்டு அமர்வுகளிலும் நான் கண்ட மிகச் சிறந்த கணமாகக் கருதுகிறேன். அன்றிலிருந்து டீசல் பதிவேட்டை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அதே அமர்வில் ஏசி இயந்திரங்களின் வாயுவும் பேச்சில் வந்தது. மெக்கானிக் ஆண்டுதோறும் வந்து 'கேஸ் சார்ஜ்' என்று பில் போட்டு இரண்டு மூன்று கிலோ நிரப்பிவிட்டுப் போவார். போன ஆண்டு நிரப்பிய வாயு எங்கே போயிற்று என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எங்களிடம் இருந்த ஆர்-410ஏ வகை வாயு, நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டது. நிரப்பிய இரண்டு கிலோவும் கசிந்து போயிருந்தால் அது நான்கு டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று அவர் கணக்கிட்டபோது, அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. இத்தனைக்கும் படிவத்தில் குளிரூட்டி வாயுவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தார்கள். தெரியாது என்றே எழுதி அனுப்பியிருப்போம்.

மூன்றாவது அமர்வு, இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் இருக்கும் அறையில் நடந்தது. மதிய இடைவேளையில் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்க, காற்றுக்குத் தேவையே இல்லாத நேரத்தில் கம்ப்ரசர் மட்டும் அவ்வப்போது முழு வேகத்தில் ஓடி நின்றுகொண்டிருந்தது. பயிற்றுநர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் தவிர வேறு கருவி இல்லை. சுமையேறி ஓடிய நேரத்தையும் சுமையின்றி ஓடிய நேரத்தையும் ஐந்து சுற்றுகளுக்குக் குறிக்கச் சொல்லி, சுமை நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்துக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு வந்தது. கம்ப்ரசர் முழுத் திறனில் அழுத்தித் தரக்கூடிய காற்றில் அந்த அளவு குழாய் இணைப்புகளின் வழியே அறைக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது என்பது அதன் பொருள். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு இணைப்பு இணைப்பாகத் தடவி, குமிழி வந்த இடங்களிலெல்லாம் சிவப்பு அட்டை கட்டினோம். அழுத்தத்தை ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறேழு விழுக்காடு குறையும் என்பதால், எந்த இயந்திரத்துக்கு உண்மையில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அன்று மாலையே பட்டியல் போட்டோம். இடைவேளையில் கம்ப்ரசரின் சத்தத்தைக் கவனிப்பது இன்று எங்கள் மேற்பார்வையாளருக்கு வழக்கமாகிவிட்டது. முதல் நாள் கண் அயர்ந்தவரும் அவர்தான்.

ஸ்கோப் 3க்கு ஜிஎச்ஜி முறையில் 15 வகைகள் உண்டு. அத்தனையையும் கணக்கிடச் சொல்லி எங்களை அலைக்கழிக்காமல், உங்களைப் போன்ற ஆலைக்கு வாங்கும் அட்டையும் லாரி வாடகையும்தான் பெரும்பங்கு, அவற்றில் தொடங்குங்கள், மற்றவற்றைக் கணக்கிடவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள் என்றார் அந்தப் பொறியாளர். நேர்மையான அறிவுரை. இந்த இரண்டு அமர்வுகளுக்காக மட்டும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன்.

நான்காவது அமர்விலிருந்து தடம் மாறியது. எந்தெந்தப் பிரச்சினைகள் நிறுவனத்துக்கு முக்கியமானவை என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி அது. நிறுவனங்களின் நீடித்த மேலாண்மை குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த அறிக்கையிடல் ஆணை இதை இரு திசைகளிலும் பார்க்கச் சொல்கிறது. உலகில் நடப்பது நிறுவனத்தின் வரவு செலவை எப்படித் தாக்குகிறது என்பது ஒரு திசை, நிறுவனம் செய்வது மக்களையும் சூழலையும் எப்படித் தாக்குகிறது என்பது இன்னொன்று. அதுவரை விளக்கம் சரியாகவே இருந்தது. பிறகு சுவரில் பெரிய தாளை ஒட்டி, வண்ண வண்ணச் சீட்டுகளைக் கையில் கொடுத்து, தொழிலாளர்களுக்கு எது முக்கியம் என்று நினைக்கிறீர்களோ அங்கே ஒட்டுங்கள் என்றார்கள். ஐந்து பேர் நின்று ஒட்டினோம். அந்த ஐவரில் இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்பவர் ஒருவரும் இல்லை. பத்தடி தள்ளி, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், எண்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று மனிதவள அலுவலர் கேட்டதற்கு, இது மேலாளர்களுக்கான பயிற்சி என்று பதில் வந்தது.

சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டியான ஐஎஸ்ஓ 26000 பற்றிய பாடத்தில் ஒரு நல்ல எச்சரிக்கை கிடைத்தது. 2010இல் வெளியான அந்த ஆவணம் வழிகாட்டி மட்டுமே, அதற்குச் சான்றிதழ் கிடையாது, எனவே அதற்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். பாராட்ட வேண்டிய தெளிவு. ஆனால் நிர்வாகம், மனித உரிமை, தொழிலாளர் நடைமுறை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர், சமூகப் பங்கேற்பு என்று அது சொல்லும் ஏழு பொருள்களில் சுற்றுச்சூழலுக்கு இரண்டு நாள் செலவழித்தவர்கள், மனித உரிமையையும் தொழிலாளர் நடைமுறையையும் சேர்த்து ஒரே முற்பகலில் முடித்துவிட்டார்கள். வணிகமும் மனித உரிமையும் குறித்து 2011இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற 31 கொள்கைகளில் கடைசியானது, குறைகேட்கும் ஏற்பாடு நம்பத்தக்கதாகவும், அனைவரும் அணுகக்கூடியதாகவும், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதை வாசித்துக் காட்டிய கையோடு எங்களுக்குப் புகார்ப் பெட்டி வைப்பதற்கான மாதிரிப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. மனிதவள அலுவலகத்தின் கதவுக்கு வெளியே, கண்காணிப்பு கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தோம். ஆலையைப் பார்வையிட வந்த குழு அதைப் படம் எடுத்து, 'குறைதீர்ப்பு ஏற்பாடு செயல்பாட்டில் உள்ளது' என்று அறிக்கையில் பச்சை நிறத்தில் குறித்துவிட்டுப் போனது. சில வாரங்கள் கழித்துப் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருவரிடம் வேறு விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் ஏன் சீட்டே விழுவதில்லை என்று கேட்டேன். "யார் போட்டாங்கன்னு கேமராவுலயே தெரிஞ்சிடுமே சார்" என்றார். இந்தச் சேவையின் சமூகப் பகுதியைப் பற்றி நான் எழுத நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆயத்த ஆடை ஆலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ8000 சான்றிதழ் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலையில் உள்ளே போனார்கள். எங்கள் பயிற்சியில் ராணா பிளாசாவுக்கு ஒரு புகைப்படமும், கட்டடப் பாதுகாப்பு முக்கியம் என்ற ஒரு வரியும் கிடைத்தன. கராச்சி பேசப்படவே இல்லை. விரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏன் மறுபடி உள்ளே போனார்கள் என்ற கேள்வியை வைத்தே ஒரு முழு நாள் நடத்தியிருக்கலாம். சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சமும், சரக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது என்ற நெருக்கடியும் அந்தப் படிகளில் அவர்களைப் பின்னாலிருந்து தள்ளின. அந்தத் தேதியைக் குறித்தவர் வேறொரு நாட்டில், ஏதோ ஒரு கொள்முதல் மேசையில் அமர்ந்திருந்தார்.

எங்களுடைய கொள்முதல் மேசையைப் பற்றி ஏழாவது அமர்வில் ஒரு கேள்வி எழுந்தது. அதுவரை அதிகம் பேசாத எங்கள் கொள்முதல் அதிகாரி, வழங்குநர்களுக்கான நடத்தை விதி மாதிரி ஒன்றை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க ஆர்டரை மாத்துவோம், திங்கட்கிழமை காலையில சரக்கு வேணும்னு சொல்லுவோம். சப்ளையர் ஞாயித்துக்கிழமை ஆள் வெச்சு ஓட்டித்தான் ஆகணும். பணத்தை மூணு மாசம் கழிச்சுத்தான் தருவோம். அதுக்கப்புறம் அவருக்கே, 'உங்க ஆளுங்களுக்கு வார விடுமுறை உண்டா?'ன்னு இந்தப் பேப்பரை அனுப்பிக் கையெழுத்து வாங்கணுமா மேடம்?"

நல்ல கேள்வி, வழங்கல் சங்கிலிக் கொள்கை பற்றிய பகுதியில் அடுத்த முறை பார்ப்போம் என்றார் பயிற்றுநர். அடுத்த முறை நடந்தது அறிக்கை எழுதும் பாடம்.

பயிற்றுநருக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருந்திருக்காது. முந்தைய அமர்வில் வாசித்துக் காட்டிய அந்த 31 கொள்கைகளுக்கு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2012இல் வெளியிட்ட விளக்கக் கையேடு, ஒரு நிறுவனம் பிறர் செய்யும் உரிமை மீறலுக்கு எப்படித் துணைபோகிறது என்பதற்கு ஏறத்தாழ இதையே எடுத்துக்காட்டாகத் தருகிறது: கடைசி நேரத்தில் தேவையை மாற்றிவிட்டு, அதற்கேற்பக் காலக்கெடுவையும் விலையையும் மாற்றாமல் விடுவது. அப்படியிருக்க, எங்களுக்குக் கொடுத்த மாதிரி விதியில் வழங்குநர் செய்ய வேண்டியவை நாற்பதுக்கும் மேல் இருந்தன. வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றுகூட இல்லை. எந்த அளவு ஆர்டர் மாற்றத்துக்கு எத்தனை நாள் கூடுதல் அவகாசம், பணம் எத்தனை நாளுக்குள், அவசரமென்றால் மிகைநேரக் கூலி யார் தலையில் என்று மூன்று வரிகள் சேர்த்திருந்தால் போதும், அந்தத் தாளுக்கு ஒரு மரியாதை வந்திருக்கும்.

இதற்குப் பயிற்சி அளித்தவர்களை மட்டும் பொறுப்பாக்கிவிட முடியாது. எங்கள் உரிமையாளர் முதல் நாள் ஒரு மணி நேரமும், கடைசி நாள் சான்றிதழ் வழங்கும்போது அரை மணி நேரமும் இருந்தார். பணம் கொடுக்கும் நாளை மாற்றும் அதிகாரம் எங்கள் ஐவரில் எவருக்கும் இல்லை. முடிவெடுப்பவர் அறையில் இல்லாதபோது இத்தகைய கேள்விக்குப் பயிற்றுநர் என்ன பதில் சொன்னாலும் அது எங்கும் போய்ச் சேராது என்பது உண்மைதான். ஆனால் உரிமையாளர் இரண்டு அமர்வுகளிலாவது முழுதாக அமர வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே வைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எட்டாவது அமர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனங்களின் சூழல், சமூக அறிக்கைக்கான ஜிஆர்ஐ தரநிலையின் அட்டவணையை எப்படி நிரப்புவது, மரக்கன்று நடும் படத்தை எந்தப் பக்கத்தில் போடுவது என்று போயிற்று. ஒன்று மட்டும் பயன்பட்டது. எங்கள் விளம்பரத் தாளில் '100 விழுக்காடு மறுசுழற்சிக்கு உகந்தது' என்று அச்சிட்டிருந்தோம். மேசைமேல் இருந்த எங்கள் மாதிரிப் பெட்டியின் விளிம்பைப் பயிற்றுநர் நகத்தால் கீறினார். அட்டையின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலம் மெல்லிய தோலாக உரிந்து வந்தது. படலம் ஒட்டிய அட்டையைக் காகித ஆலையில் கூழாக்குவது கடினம் என்று விளக்கி, இந்தச் சொற்றொடரை எடுத்துவிடுங்கள், படலம் இல்லாத பெட்டிகளுக்கு மட்டும் வேறு சொல்லில் எழுதுங்கள் என்றார். எடுத்துவிட்டோம்.

மதிப்பிடும் முறையிலும் ஒரு குறை. பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகள் பயிற்சித் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தவை: பங்கேற்றவர் எப்படி உணர்ந்தார், என்ன கற்றார், வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்தில் விளைவு தெரிந்ததா. எங்களிடம் வாங்கிய படிவம் முதல் படியோடு நின்றது. பயிற்றுநரின் குரல் தெளிவாகக் கேட்டதா, இருக்கை வசதியாக இருந்ததா என்று கேட்டார்கள், ஐந்துக்கு ஐந்து போட்டோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். வரவில்லை.

ஆலையின் மின்சாரம், எரிபொருள், கழிவு ஆகியவற்றை அளக்கத் தொடங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த வகைச் சேவையைத் தாராளமாக அமர்த்தலாம். அந்தப் பகுதிக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். ஒப்பந்தத்துக்கு முன்பே, எத்தனை மணி நேரம் பட்டறைத் தளத்தில், எத்தனை மணி நேரம் திரைக்கு முன்னால் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தொழிலாளர்கள், வழங்குநர்கள் தொடர்பான பொறுப்பைக் கற்க விரும்புபவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பகுதிக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. புகார்ப் பெட்டியை நாங்களே கழற்றி, கேமரா எட்டாத இடமான பெண்கள் ஓய்வறையிலும் ஆண்கள் உடைமாற்றும் அறையிலும் ஒவ்வொன்று வைத்தோம். முதல் மாதம் ஏழு சீட்டுகள் விழுந்தன, அவற்றில் நான்கு மிகைநேரக் கூலியைப் பற்றியவை. கொள்முதல் அதிகாரியின் கேள்வியை உரிமையாளரிடம் எடுத்துச் சென்று நெடுநேரம் பேசியதில், சிறு வழங்குநர்கள் மூவருக்கு மட்டும் பணம் தரும் காலத்தை முப்பது நாளாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். மற்றவர்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

பயிற்சி முடிந்து ஐந்தாம் மாதத்தில் அவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. விட்டுப்போன மறுபார்வைக்காக என்று நினைத்தேன். அடுத்த நிலைப் பயிற்சியில் சேர அழைக்கிறார்கள். அதில் கொள்முதல் நடைமுறை பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டேன். பாடத்திட்டத்தை அனுப்புகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அன்று மாலையே வந்தது. பன்னிரண்டு அமர்வுகள், இரண்டு முறை படித்துப் பார்த்தேன், கொள்முதல் என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது, மறுசுழற்சித் தாள் வாங்குவது பற்றி.